டைம்லாப்ஸ் கத்துக்க புது கேமரா வேணுமா? பினாங்குலேருந்து ஒரு பதில்

கேள்வி கேட்டவரு குறும்படம் எடுத்துப் பழகறவரு போல, கையில ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் ஹேண்ட்போனும் இருக்கு, டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு விட்டு எடுத்த படங்களக் கோத்து வேகமா ஓட்டற வீடியோ) பழகணும், புது கேமரா வாங்கணுமா இல்ல இத வெச்சே ஆரம்பிக்கலாமான்னு கேட்டிருக்காரு. வாங்காதீங்க. இருக்கறதே தாராளமா போதும். காச ஒரு கனமான ட்ரைபாட்லயும் ஒரு இன்டர்வலோமீட்டர்லயும் போடுங்க, அது இத்தன வினாடிக்கு ஒரு தடவ படம் எடுன்னு கேமராவுக்கு சொல்ற சின்ன ரிமோட்டு, சில கேமராவுல உள்ளயே இருக்கும், அதனால மெனுவ ஒரு தடவ தேடிப் பாத்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

நான் மலேசியாவுல பினாங்குத் தீவுல இருக்கேன், வேல வேற, இது லீவு நாள்ல ஆசைக்குப் பண்றது. இதுல எனக்குப் பெருசாத் தெரிஞ்ச விஷயம் என்னன்னா, முன்னாடி நடக்கறது என்ன வேகத்துல நடக்குதுன்னு கண்ணால புடிக்கத் தெரியணும், மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான். மேகத்துக்கு ஒரு வேகம், கடல் ஏறி வத்தறதுக்கு ஒரு வேகம், சாயங்காலம் இருட்டறதுக்கு ஒரு வேகம், லிட்டல் இந்தியாவுல ஜனம் நடக்கறது வேற வேகம். அது புடிபட்டுச்சுன்னா எத்தன வினாடிக்கு ஒரு படம்ங்கறது தானா வந்துரும். புடிபடலன்னா எவ்வளவு விலை கேமரா வெச்சிருந்தாலும் வீடியோ ஒன்னு எறும்பு ஓடற மாதிரி பரபரன்னு இருக்கும், இல்ல அசையவே அசையாது. அதனால மொதல்ல ட்ரைபாட எறக்கறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் சும்மா உக்காந்து பாருங்க, இத நான் எல்லாருக்கும் சொல்றேன், கேக்கறவங்க கொஞ்சம் பேருதான்.

கணக்கு சுலபம். வீடியோவுல ஒரு வினாடிக்கு 25 படம்னு வெச்சுக்குங்க (24, 30ன்னும் உண்டு, உங்க குறும்படம் எதுல ஓடுதோ அதயே வைங்க), 10 வினாடி கிளிப்புக்கு 250 படம் வேணும். 5 வினாடிக்கு ஒன்னுன்னு எடுத்தா 1250 வினாடி, 21 நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. 2 வினாடிக்கு ஒன்னுன்னா 8 நிமிஷம் 20 வினாடியில முடிஞ்சிரும். இத மனசுலயே போடப் பழகிக்குங்க, ஏன்னா நம்ம ஊர்ல மழ எப்ப வரும்னு சொல்ல முடியாது, வானம் கறுக்கும்போது இன்னும் எத்தன நிமிஷம் நின்னா கிளிப் தேறும்னு டக்குனு தெரியணும்.

மேகத்துலேருந்து ஆரம்பிக்கறதுதான் நல்லது, மொட்ட மாடி இருந்தாப் போதும். எங்க தீவுல இருக்கற கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சி 833 மீட்டர், அதுல ஒட்டி நகர்ற மேகத்த மலைமேலயே நின்னு எடுத்தா 2 வினாடி இடைவெளி சரியா இருக்கும். அதுவே தீவோட வடக்குக் கரையில நின்னு கடலுக்கு அந்தப் பக்கம் கெடாவுல குனோங் ஜெராய் தலையில கூடற மேகத்த எடுத்தீங்கன்னா, அது 1217 மீட்டர் மலை, ஆனா ரொம்ப தூரம், 8 வினாடி 10 வினாடி வெச்சாத்தான் நகர்றதே தெரியும். மேகத்தோட வேகம் அதேதான், தூரம் கூடக்கூட மெதுவாத் தெரியுது. மேகத்துக்கு 5 வினாடின்னு இணையத்துல போட்டிருக்கற அட்டவணைய அப்படியே எடுத்துக்காதீங்கன்னு சொல்றது இதனாலதான்.

கடல் வத்தறது இன்னும் நல்ல பாடம். ஜார்ஜ்டவுன் கடலோரத்துல செவ் ஜெட்டின்னு ஒரு சீனக் குடியிருப்பு இருக்கு, அங்க வீடெல்லாம் கடல்மேல தூண்ல நிக்குது, தண்ணி நெறஞ்சிருக்கும்போது தூண் பாதி மறஞ்சிருக்கும், வத்தினா அடியில சேறு, சேத்துல படகு சாஞ்சு கெடக்கும். ஏத்தத்துலேருந்து வத்தம் வரைக்கும் சுமாரா ஆறு மணி நேரம். 30 வினாடிக்கு ஒரு படம்னா 720 படம், 29 வினாடி வீடியோ. நின்னு பாத்துக்கிட்டே இருந்தா ஒன்னுமே நடக்கலன்னு தோணும், கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கும்போது கடல் அப்படியே வெளிய போகும், அத மொத தடவ பாக்கறப்ப வர்ற சந்தோஷம் சொல்லி மாளாது. மேகமூட்டமா இருக்கற நாள் பாத்துப் போங்க, வெயிலும் நெழலும் மாறிமாறி வந்தா தண்ணிய யாரும் கவனிக்க மாட்டாங்க. அங்க குடும்பம் குடும்பமா ஆளுங்க குடியிருக்காங்க, ட்ரைபாட் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுட்டு வைங்க, அவங்க வாசல்ல லென்ஸத் திருப்பாதீங்க.

இப்ப சாயங்காலம். இது நம்ம ஊரு ஆளுங்க தனியாக் கத்துக்க வேண்டிய விஷயம், ஏன்னா பகல்லேருந்து ராத்திரி வரைக்கும் எடுக்கறதப் பத்தி நெறைய வீடியோ ஐரோப்பாவுல இருக்கறவங்க போட்டது. லண்டன்ல ஜூன் மாசம் சூரியன் எறங்கினப்புறமும் முக்கா மணி நேரத்துக்கு மேல வெளிச்சம் நிக்கும், அங்க சூரியன் சாஞ்சு எறங்குது. பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்க அஞ்சரை டிகிரி கூட இல்ல, இங்க கிட்டத்தட்ட நேர் செங்குத்தா எறங்குது, அடிவானத்தத் தொட்டதுலேருந்து மறையறதுக்கு ரெண்டு நிமிஷம் சொச்சம், அதுக்கப்புறம் இருபது இருபத்தொரு நிமிஷத்துல அந்த நீல வெளிச்சம் போயிரும். அந்த இருபது நிமிஷம்தான் எல்லாமே, தெருவெளக்கு எரியும், வானத்துல கலரும் இருக்கும். அவங்க சொல்ற மாதிரி 10 வினாடி இடைவெளி வெச்சா நமக்கு அந்த நேரத்துல 120 படம்தான் சிக்கும், அஞ்சு வினாடி வீடியோ கூட வராது. 5 வினாடி, 6 வினாடி வைங்க லா. சூரியன் மறையறதுக்கு நாப்பது நிமிஷம் முன்னாடி ஆரம்பிச்சு நாப்பது நிமிஷம் கழிச்சு நிறுத்துங்க, 6 வினாடிக்கு ஒன்னுன்னா 800 படம்.

எங்க நின்னு எடுக்கறதுன்னா, தீவோட கெழக்குக் கரை விடியக்காலைக்கு நல்லாருக்கும், ஜெலுத்தோங் கடலோரத்துலேருந்து பாத்தா பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலத்துலேருந்து சூரியன் வரும், 13.5 கிலோமீட்டர் பாலம், 1985ல தொறந்தது, காலையில வேலைக்குப் போற வண்டி வெளக்கு ஒரு கோடா ஓடும். சாயங்காலத்துக்கு ஃபெரி ஏறி பெருநிலத்துல இருக்கற பட்டர்வொர்த் போயிருங்க. அங்க பந்தாய் பெர்சே பக்கம் கரையில நின்னா தீவு பூராவும் எதிர்ல, சூரியன் மலைக்குப் பின்னால எறங்கும், கொம்தார் கோபுரக் கட்டடம் கறுப்பா நிக்கும், அப்புறம் ஒவ்வொரு வெளக்கா ஜார்ஜ்டவுன் முழிக்கும். பினாங்க எடுக்கணும்னா பினாங்க விட்டு வெளிய போகணும்ங்கறது என் கட்சி.

வெளிச்சம் கொறையறத எப்படி சமாளிக்கறதுன்னா, வெளிச்சம் கொறையக் கொறைய ஷட்டர் தொறந்திருக்கற நேரத்த ஒரு ஸ்டாப்புல (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெட்டிப்பு) மூணுல ஒரு பங்கா கூட்டிக்கிட்டே வாங்க, 3 வினாடி ஆனதும் ஷட்டர அதுலயே நிறுத்திட்டு ஐஎஸ்ஓவ, அதாவது கேமரா வெளிச்சத்தப் பெருக்கிக் காட்டற அளவ, கூட்டுங்க. ஷட்டர் எப்பவும் இடைவெளிய விடக் கம்மியா இருக்கணும், கார்டுல எழுதவும் கேமராவுக்கு நேரம் வேணும். இப்படிக் கூட்டும்போது வீடியோவுல படிப்படியா வெளிச்சம் குதிக்கும், அத சமன் பண்ண எல்ஆர்டைம்லாப்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, குந்தர் வேக்னர்ங்கற ஜெர்மன்காரர் பண்ணது, லைட்ரூமோட சேந்து வேல செய்யும். இதுக்கெல்லாம் ரா ஃபைல்ல (கேமரா சுருக்காம அப்படியே சேமிக்கற படம்) எடுத்திருக்கணும், ஜேபெக்ல எடுத்தா வெளிச்சத்த அப்புறம் கூட்டிக் கொறைக்க எடம் இருக்காது.

படபடன்னு மினுக்கறது, ஃப்ளிக்கர், இதுதான் புதுசா வர்றவங்கள ரொம்பக் கஷ்டப்படுத்தும். ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (கலர் சமன்), ஐஎஸ்ஓ, அப்பர்ச்சர் (லென்ஸுல வெளிச்சம் நுழையற ஓட்டை) எல்லாத்தயும் மேனுவல்ல போட்டாலும் மினுக்கும், ஏன்னா ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸுக்குள்ள அந்த ஓட்டைய மாத்தற பிளேடு மூடித் தொறக்குது, ஒவ்வொரு தடவையும் அச்சா அதே எடத்துல நிக்காது, மயிரிழை வித்தியாசம். முழுசாத் தொறந்த அப்பர்ச்சர்ல எடுத்தா பிளேடு நகராது, மினுக்காது. இல்ல பழைய மேனுவல் லென்ஸ் ஒன்னு அடாப்டர் போட்டு மாட்டுங்க, வளையத்தக் கையால திருப்பற மாதிரி இருக்குமே அது, நான் டைம்லாப்ஸுக்குன்னே ஒன்னு வெச்சிருக்கேன், அத விட நல்ல முதலீடு இதுல இல்ல. ட்ரைபாட்ல வெச்சிருக்கும்போது லென்ஸ்ல ஆட்டம் கொறைக்கற ஸ்விட்ச் இருந்தா அத அணைச்சிருங்க.

ஆள், வண்டி எடுக்கறப்ப ஷட்டர் இடைவெளியில பாதி இருந்தா நல்லாருக்கும், 2 வினாடிக்கு ஒன்னுன்னா 1 வினாடி ஷட்டர், அசைவு கொஞ்சம் இழுத்த மாதிரி வந்து கண்ணுக்கு இதமா ஓடும். பகல்ல அதுக்கு என்டி ஃபில்டர், அதாவது லென்ஸுக்கு முன்னால மாட்டி வெளிச்சத்தக் கொறைக்கற கறுப்புக் கண்ணாடி, வேணும், நம்ம ஊரு வெயிலுக்கு 10 ஸ்டாப் கொறைக்கற என்டி 1000 மாதிரிதான் ஒத்துவரும். மேகத்துக்கு அதெல்லாம் வேணாம்.

ஹேண்ட்போன்ல எடுத்தா மட்டமான்னு நெனைக்காதீங்க. ஐஃபோன்ல ஒன்னு மட்டும் தெரிஞ்சுக்குங்க, எவ்வளவு நேரம் ஓட விடறீங்களோ அதுக்கேத்த மாதிரி அது தானா இடைவெளிய இரட்டிப்பாக்கிக்கிட்டே போகும், அதனால 20 நிமிஷம் எடுத்தாலும் 40 நிமிஷம் எடுத்தாலும் வீடியோ கிட்டத்தட்ட ஒரே நீளம்தான், வேகம்தான் மாறும். வேகம் உங்க கையில வேணும்னா இடைவெளி செட் பண்ற ஆப் ஒன்னு எறக்கிக்குங்க.

நம்ம ஊரு காத்துல ஈரம் அதிகம், ஏர்கோன் ரூம்லேருந்து கேமராவ நேரா வெளிய எடுத்தா லென்ஸ் பூரா பனி படிஞ்சிரும். பையோட மூடி அரை மணி நேரம் வெளிய வெச்சிட்டு அப்புறம் தொறங்க. வீட்டுல ட்ரை பாக்ஸ் (ஈரம் படாம கேமரா வைக்கற பெட்டி) இல்லன்னா லென்ஸுக்குள்ள பூஞ்ச புடிக்கும். செப்டம்பர், அக்டோபர் இங்க நல்ல மழ, அதுதான் மேகத்துக்கும் சீசன், கேமராவுக்கு மழக்கோட்டு கண்டிப்பா வேணும்.

நான் ரொம்ப ஆசப்பட்டு எடுக்கறது தைப்பூசத்துக்கு மொத நாள் ஊர்வலம் வர்ற முருகனோட வெள்ளி ரதம். ரதத்த எடுக்கறவங்க ஆயிரம் பேரு இருக்காங்க, நான் ரோட்ட எடுப்பேன். ரதம் வர்றதுக்கு முன்னாடி ரோட்டோரம் தேங்கா மலையாக் குவிச்சிருப்பாங்க, தமிழவங்க சீனவங்க எல்லாரும் சேந்து உடைப்பாங்க, தார் ரோடு வெள்ளையாயிரும், அப்புறம் அத வாரி ஓரம் தள்ளுவாங்க, அப்புறம் ரதம். ஒசரமான எடத்துலேருந்து, வீட்டுக்காரங்கள மொதல்லயே கேட்டு மாடியில எடம் புடிச்சு, 1 வினாடிக்கு ஒரு படம். இதுல கேமரா நகரவே கூடாது, ரோடுதான் கத. ஒரு மணி நேரத்துக்கு 3600 படம், 2 நிமிஷம் 24 வினாடி வீடியோ வரும், அதுல நல்ல 20 வினாடிய எடுத்துக்குங்க. கார்டும் பேட்டரியும் நெறைய கொண்டு போங்க, வயித்துக்கு நாசி லெமாக் (தேங்காப்பால் சோறு) தாப்பாவ், அதாவது பார்சல், பண்ணிக்குங்க, எடத்த விட்டு எந்திரிக்க முடியாது.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசமே போதும், வரிசை நம்பரோட படங்களப் போட்டா ஒரே கிளிப்பாவே எடுத்துக்கும். 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000, 4கே வீடியோ 3840க்கு 2160தான், அதனால ஃப்ரேமுக்குள்ளயே மெதுவா நகர்த்தலாம், ஸ்லைடர் வாங்க வேண்டியதில்ல. குறும்படத்துல வைக்கறதா இருந்தா ஒரு டைம்லாப்ஸ் அஞ்சாறு வினாடிக்கு மேல ஓட விடாதீங்க, எவ்வளவு அழகா இருந்தாலும் அதுக்கு மேல கத நின்னுரும். டைம்லாப்ஸுல சத்தம் கெடையாது, எடுக்கற நேரத்துல ஹேண்ட்போன்ல அந்த எடத்துச் சத்தத்த அஞ்சு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணிட்டு வந்துருங்க, அல அடிக்கறது, ஃபெரி ஹார்ன், மேளம், எதுவோ அது. யூட்யூப்ல கெடைக்கற பியானோ மியூசிக் போடறதுக்கு இது எவ்வளவோ மேல்.

உங்க டிஎஸ்எல்ஆர் என்ன மாடல்னு சொல்லுங்க, அதுக்குப் பொருந்தற இன்டர்வலோமீட்டர் எதுன்னு பாத்து சொல்றேன், சொருகற முனை மாடலுக்கு மாடல் மாறும்.