தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு) முழுக்கக் கறி சாப்பிடாமல் இருந்தே ஆக வேண்டுமா? எங்கள் கோயில் பங்கில் குறை சொல்கிறார்களே?

கட்டாயம் கிடையாது. பதில் மட்டும் போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் நீட்டி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை கோழிக்குழம்பு வைத்தீர்கள், அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) ஜாடையாகப் பேசுகிறார்கள், சின்னப் பையனுக்கு முட்டை கொடுத்தால்கூட முறைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி வேறு பங்குக்குப் போனவர் போலிருக்கிறது. பிறந்த ஊராக இருந்தால் உங்கள் அம்மாவே வாசலில் நின்று பதில் சொல்லி அனுப்பியிருப்பார்.

நீங்கள் வாங்கியவர். நான் விற்கிறவன். எங்கள் குடும்பத் தொழில் பிராய்லர் கடை. திண்டுக்கல் பக்கம், கோயிலிலிருந்து கூப்பிடு தூரம், தெருவில் முக்கால்வாசி கத்தோலிக்கக் குடும்பங்கள். அப்பா ஆரம்பித்தது, இப்போது நானும் நிற்கிறேன். "கறிக்கடைக்காரன் வேறெப்படிச் சொல்லுவான்" என்று கீழே எழுதக் கை பரபரக்கும் அண்ணன்மார்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சாம்பல் புதனில் நிறுத்தினால் ஈஸ்டர் வரை நான் கறியைத் தொடுவதில்லை. காலையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு மதியம் வீட்டுக்குப் போய் ரசமும் பருப்புத் துவையலும் சாப்பிட்டு, திரும்பி வந்து மறுபடி வெட்டுகிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இதைச் சொல்லாவிட்டால் மற்றதை நம்ப மாட்டீர்கள்.

சட்டம் என்னவென்றால், 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1251, 1252 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒருசந்தியும் (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) சுத்தபோசனமும் சேர்ந்து வருவது வருஷத்தில் இரண்டே நாள், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். மற்ற வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் மட்டும், அதாவது மாமிசம் இல்லை. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 நிறைந்ததிலிருந்து 59 நிறையும் வரை. நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. மீனும் முட்டையும் இந்தக் கணக்கில் மாமிசமே அல்ல. ஞாயிற்றுக்கிழமையும் நாற்பதில் சேராது. சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணிப் பாருங்கள், 46 வரும். ஆறு ஞாயிறைக் கழித்தால்தான் 40. ஆக, உங்கள் பையன் எந்தக் கிழமையும் முட்டை சாப்பிடலாம். உங்கள் செவ்வாய்க்கிழமைக் குழம்புக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

ஆனால் நம் ஊரில் சட்டத்தைவிடப் பழக்கம் பெரியது. நாற்பது நாளும் கவுச்சி கிடையாது, கல்யாணம் வைப்பதில்லை, கோயிலில் பீடத்துக்குப் பூ கிடையாது, அல்லேலூயா கிடையாது. அந்தப் பழக்கத்தின் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை, நானே அதில் வளர்ந்தவன். எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். 2021-ல் மார்ச் 19 வெள்ளிக்கிழமையில் வந்தது. அது புனித சூசையப்பர் பெருவிழா. பெருவிழா வெள்ளியில் விழுந்தால் அன்றைக்குச் சுத்தபோசனம் இல்லை என்று அதே 1251 சொல்கிறது. போதாததற்கு அந்த வருஷத்தையே போப் பிரான்சிஸ் சூசையப்பர் ஆண்டாக அறிவித்திருந்தார். எங்கள் பங்கில் ஆண்களில் பாதிப் பேருக்குப் பெயரே சூசைதான். காலைப் பூசையில் ஃபாதரும் "இன்னைக்கு விலக்கு உண்டு" என்று சொல்லிவிட்டார். நான் ஆசை ஆசையாகக் கூடுதலாகக் கோழி இறக்கி வைத்தேன். ஒரு சூசையும் வரவில்லை. கேட்டால், "சட்டம் விடும்ப்பா, எங்க வீட்ல விட மாட்டாங்க" என்றார் ஒருவர்.

வியாபாரக் கணக்கையும் கொஞ்சம் கேளுங்கள். கார்த்திகையில் மாலை போட்டுவிடுவார்கள். அது முடிந்தால் தையில் பழனி பாதயாத்திரை. கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் தவக்காலம். பிறகு புரட்டாசி. இந்தக் கோழிக்குப் பல்லடத்தில் தினமும் பண்ணை விலை அறிவிப்பார்கள், நாங்கள் அதை வைத்துத்தான் விலை எழுதுகிறோம். விலை இறங்கினாலும் ஏறினாலும் எங்கள் தெருவில் தவக்கால ஞாயிறு ஈயாடும். வாரத்தின் மொத்த வருமானமும் ஞாயிறு காலையில்தான் என்பது கறிக்கடை வைத்தவர்களுக்குத் தெரியும். 2025 மட்டும் தப்பித்தோம். அந்த வருஷம் ரம்ஜான் நோன்பு மார்ச் 2-ல் தொடங்க, சாம்பல் புதன் மார்ச் 5-ல் வந்தது. எங்கள் கடையில் அறுப்பவர் ஒரு பாய் என்பதால் பள்ளிவாசல் தெருவிலிருந்தும் வாங்க வருவார்கள். சாயங்கால வியாபாரம் கைகொடுத்தது. அந்த மாதம் முழுக்கக் கடையில் நின்ற இரண்டு பேருமே நோன்பு. விற்றது கறி.

இனி நடந்த விஷயத்துக்கு வருகிறேன். வருஷம் வேண்டாம், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தவக்காலத்துக்கு முந்தின வாரம் எங்கள் அன்பியக் கூட்டம். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையை, அதாவது இயேசு சிலுவை சுமந்ததைப் பதினான்கு நிலைகளில் நினைத்து ஜெபிப்பதை, ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு அன்பியம் நடத்த வேண்டும், எங்களுக்கு மூன்றாவது வெள்ளி. யார் முன்னால் சிலுவை தூக்குவது, பதினான்கு நிலையும் யார் யார் வாசிப்பது என்று பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். சிலுவைக்கு அப்பா பெயரை யாரோ சொன்னார்கள். உடனே பங்குப் பேரவையில் பொறுப்பில் இருந்த ஒருவர், குரலை உயர்த்தாமல், "கடையை நாப்பது நாளைக்குச் சாத்தட்டும். அப்புறம் சிலுவை தூக்கட்டும். தவக்காலத்துல கோயிலுக்கு எதிர்த்தாப்புல ரத்தம் ஓடுறது பாக்கவே நல்லாயில்ல" என்றார்.

அப்பா கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் கடையை அவரே மூடிவிடுவார், யாரும் சொல்ல வேண்டியதில்லை. மற்ற நாளில் மூடினால் வாடகையும் கரண்ட் பில்லும் யார் கட்டுவது? அம்மாதான் பின்வரிசையிலிருந்து கேட்டார்: "அஞ்சாம் நெலையில ஆண்டவருக்குச் சிலுவை தூக்குனாரே சீமோன், அவரு என்ன தொழில் பாக்குறாருன்னு விசாரிச்சிட்டா குடுத்தாங்க?"

சிரிப்பு வந்தது. சிரிப்போடு சரி. ஃபாதர் புதிதாக மாறி வந்தவர், யாரையும் பகைத்துக்கொள்ள விருப்பமில்லை, "அடுத்து பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு அரிசி யார் தர்றீங்க?" என்று நோட்டைப் புரட்டிவிட்டார். அப்பாவுக்குக் கடைசியில் மைக்செட் வைத்த தள்ளுவண்டியைத் தள்ளும் வேலை கிடைத்தது. அவர் அதையும் செருப்பில்லாமல் முழு மனதோடு தள்ளினார். எனக்குத்தான் இன்றைக்கும் ஆறவில்லை.

ஆறாததற்குக் காரணம் உண்டு. பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியாருக்கு அடுத்தபடி ஊர் ரகசியம் தெரிந்தவன் கறிக்கடைக்காரன். தவக்காலத்தில் எங்களுக்கு ஒரு தனி வியாபாரம் உண்டு. இருட்டினதும் பையனை அனுப்புவார்கள். "அரைக் கிலோ, கறுப்புக் கவர்ல போட்டுத் தாங்கண்ணே, அப்பா சொல்லச் சொன்னாரு யார்ட்டயும் சொல்ல வேணாம்னு." சில பேர் ஃபோனில் சொல்லிவிட்டு, வண்டியை நிறுத்தாமலே வாங்கிக்கொண்டு போவார்கள். நான் யார் பெயரையும் வெளியே சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். சாப்பிடுவது அவரவர் இஷ்டம், செவ்வாய்க்கிழமை சாப்பிட்டால் பாவமும் இல்லை. ஆனால் வாங்கிச் சாப்பிடலாம், விற்றவன் மட்டும் சிலுவை தூக்கக் கூடாது என்றால் எப்படி? சாம்பல் புதனன்று வாசிக்கும் நற்செய்தி மத்தேயு 6. நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் வைத்து முகத்தைக் கழுவிக்கொள், அடுத்தவனுக்குத் தெரிய வேண்டாம் என்கிறது. அதை நின்று கேட்டுவிட்டு, நெற்றியில் சாம்பலோடு வெளியே வந்த கையோடு பக்கத்து வீட்டுக் குழம்பை மோப்பம் பிடிக்கிறோம்.

எல்லாரையும் ஒரே மாதிரி எடை போடுவதாக நினைக்க வேண்டாம். எங்கள் தெருக் கோடியில் ஒரு பெரியம்மா இருந்தார். சாம்பல் புதனைப் பழைய பெயரில் விபூதிப் புதன் என்றுதான் சொல்வார். வெற்றிலை போடாமல் ஒரு மணி நேரம் இருக்க மாட்டார். விபூதிப் புதன் காலையில் அந்தச் சுருக்குப் பையை, பாக்குவெட்டி உள்ளே இருக்க, ஆரோக்கிய மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுவார். ஈஸ்டர் அன்றுதான் இறக்குவார். தினம் வெற்றிலைக்கு ஆகிற காசைக் கோயிலில் கொடுக்கும் தவக்கால அட்டை உண்டியலில் போடுவார். பால் ஊற்றாத காப்பி. வயது எண்பதைத் தொட்டிருக்கும், எந்தச் சட்டமும் அவரைக் கேட்கவில்லை. அந்த அம்மா எங்கள் கடையைத் தாண்டித்தான் தினப்பூசைக்குப் போவார். போகும்போது, "என்னய்யா, இன்னைக்காவது போணி ஆச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் போவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. உண்மையில் விட்டவர்களுக்கு அடுத்தவர் சட்டியை எட்டிப் பார்க்க நேரம் இருப்பதில்லை என்று நான் நினைப்பது அவரைப் பார்த்துத்தான்.

இன்னொன்று, கேள்விக்குத் தொடர்பில்லாதது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும்போது கடைக்காரர்களுக்குத் தனி ரேட். கறிக்கடைக்கு அதிலும் ஒரு படி மேலே. கேட்டால், "ஒங்களுக்கென்னப்பா, திருவிழாவுல நல்லா ஓடுமே" என்கிறார்கள். சப்பரத்துக்கு எங்கள் காசு ஆகும், பட்டாசுக்கு ஆகும், நோட்டீசில் உபயதாரர் என்று பெயரும் வரும். அந்த மாதத்தில் ரத்தம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். வருஷத்தில் எனக்குப் பிடித்த இரவு பெரிய சனி. பெரிய வியாழக்கிழமை பூசையில் 'உன்னதங்களிலே' கீதம் பாடும்போது அடித்து நிறுத்தினால் அப்புறம் கோயில் மணிக்கு வேலை கிடையாது, மரக்கட்டையைத் தட்டித்தான் சத்தம். மறுபடி மணி அடிப்பது சனி இரவு பாஸ்கா திருவிழிப்பில், அதாவது ஈஸ்டர் இரவுப் பூசையில், அதே 'உன்னதங்களிலே' பாடும்போது. எங்கள் பங்கில் பூசை இரவு பதினொன்றுக்கு ஆரம்பிக்கும். நாங்கள் குடும்பத்தோடு உள்ளே இருப்போம். பாய் கடை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, ஸ்டூல் போட்டு, மொபைலில் பழைய பாட்டு கேட்டுக்கொண்டிருப்பார். மணி அடித்தால் அவருக்கு அதுதான் சிக்னல், தண்ணீர் கொதிக்க வைத்து வேலையைத் தொடங்கிவிடுவார். பூசை முடிந்து நான் ஓடி வருவதற்குள் வரிசை நின்றிருக்கும். புதுச்சட்டை, பட்டுப்புடவை, கையில் பாதி எரிந்த மெழுகுவர்த்தி. பணம் கொடுக்கும்போது நோட்டில் மெழுகு ஒட்டிக்கொண்டு வரும். "ஈஸ்டர் வாழ்த்துகள்ப்பா, ஒன்றரைக் கிலோ, தோல் எடுத்துரு." நடுச்சாமத்தில் ஊரே சிரித்துக்கொண்டு நிற்கும். நாற்பது நாள் யாரும் எதையும் விடாமல் இருந்திருந்தால் இந்த வரிசை ஏது? அதனால்தான் பழக்கத்தை விடு என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு நான் சொல்வது: மாமியார் வீட்டில் எல்லாரும் சேர்ந்து விடுகிறார்கள் என்றால் நீங்களும் சேர்ந்து விடுங்கள், ஒரே அடுப்பில் இரண்டு குழம்பு யாருக்கும் சிரமம். உடம்புக்கு முடியவில்லை, மருந்து எடுக்கிறீர்கள், பிள்ளை பால் குடிக்கிறது என்றால் தயங்காமல் சாப்பிடுங்கள். யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஜாடைப் பேச்சு நிற்கவில்லையென்றால் அன்பியத் தலைவியிடம் நேராகப் போய், "அக்கா, ஃபாதர்ட்ட கேட்டுட்டேன், பரவாயில்லன்னு சொல்லிட்டாரு" என்று சொல்லுங்கள். அதற்கு முன்னால் உண்மையாகவே ஃபாதரிடம் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்கு ஒரு பாவசங்கீர்த்தனம். பையன் முட்டை விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இயேசு சைவமா அசைவமா என்று கீழே யாரும் தொடங்க வேண்டாம். உயிர்த்தெழுந்த பிறகு சீடர்கள் முன்னால் வேகவைத்த மீன் துண்டு சாப்பிட்டார் என்று லூக்கா 24-ல் இருக்கிறது. கோழி என்று எங்கும் இல்லை. அதை மீன்கடைக்காரர் வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.