டேட்டா கவர்னன்ஸ் மென்பொருள்: வாங்கும் முன் வரும் கேள்விகள்

கே: நாங்கள் நடுத்தர அளவு நிதி நிறுவனம். எந்தத் தரவு எங்கே இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்று பதிவுசெய்து காட்டும் டேட்டா கவர்னன்ஸ் மென்பொருள் வாங்கப் பார்க்கிறோம். கொலிப்ரா, அலேஷன், மைக்ரோசாஃப்ட் பர்வியூ மூன்றின் டெமோவும் பார்த்துவிட்டோம். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. எப்படி முடிவெடுப்பது?

டெமோவில் அப்படித்தான் தெரியும். அவர்கள் கொண்டுவரும் மாதிரித் தரவில் குப்பையே இருக்காது. உங்களிடம் இருப்பதிலேயே மோசமான சோர்ஸை (தரவு வரும் மூலத்தை) கொடுங்கள்: ஆவணம் இல்லாத பழைய ஆரக்கிள் டேட்டாபேஸ், எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்ட ஸ்டோர்டு புரொசீஜர்கள் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து ஓட்டும் நிரல்கள்). மூன்று சோர்ஸ், மூன்று வாரம் போதும். இணைக்கும் வேலையை உங்கள் ஆட்களே செய்யட்டும். விற்பவரின் இன்ஜினியர் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துக்கொடுத்தால் அதைச் சோதனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நடுவில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றிவிட்டு, மறுநாள் அது கேட்டலாகில் (மென்பொருள் வைத்திருக்கும் தரவுப் பட்டியலில்) எப்படி வருகிறது என்று பாருங்கள். பழைய பெயரில் எழுதிவைத்த விளக்கமும் பொறுப்பாளர் பெயரும் அநேகமாகக் காணாமல் போயிருக்கும்.

குணத்தில் மூன்றும் வேறு வேறு. கொலிப்ராவின் பலம் ஒப்புதல் நடைமுறை: ஒரு வரையறையை யார் எழுதலாம், யார் திருத்தலாம், யார் கையெழுத்திட வேண்டும் என்பதெல்லாம் அதில் அழகாக ஓடும். ஆனால் அதைக் கட்டமைத்து ஓட்ட முழுநேர ஆள் தேவை. அலேஷன், குவெரி லாக்கை (டேட்டாபேஸிடம் கேட்ட கேள்விகளின் பதிவை) படித்து எந்த டேபிளை யார் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும். அனலிஸ்ட்கள் நிறைய உள்ள இடத்தில் எடுபடும். அஷ்யூரும் பவர் பிஐயும் ஏற்கெனவே இருந்தால் பர்வியூவில் தொடங்குவதே சிக்கனம். ஐம்பது டேபிள்தான் இருக்கிறது என்றால் எக்செல் போதும், எதையும் வாங்க வேண்டாம்.

கே: பர்வியூ ஸ்கேனில் நிஜ ஆதார் எண்கள் தப்பிவிடுகின்றன, சம்பந்தமில்லாத நெடுவரிசைகளில் ஆதார் என்று டேக் (அடையாளக் குறி) விழுகிறது. ஏன்?

இரண்டுக்கும் காரணம் வேறு. தப்பிப்போவதற்கு முதல் காரணம் சாம்பிளிங். எஸ்கியூஎல் டேபிள்களில் பர்வியூ மேலே உள்ள 128 வரிசைகளைத்தான் வகைப்படுத்தலுக்குப் படிக்கிறது. அந்த வரிசைகள் ஆதார் வாங்காத காலத்துப் பழைய வாடிக்கையாளர்களாக இருந்தால் நெடுவரிசை காலியாகத் தெரியும். இரண்டாவது, மாஸ்க் செய்து கடைசி நான்கு இலக்கம் மட்டும் வைத்த பதிவுகள். மூன்றாவது எக்செல்: 12 இலக்க எண்ணை எண்ணாகவே உள்ளிட்டால் அடுக்குக்குறி வடிவில் காட்டும், அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் பின் இலக்கங்கள் போயே போய்விடும். அந்தக் கோப்பை எந்தக் கருவியும் ஆதார் என்று கண்டுபிடிக்காது.

தவறாக டேக் விழுவதற்கு வழக்கமான குற்றவாளி, 91 சேர்த்துச் சேமித்த கைபேசி எண். அதுவும் 12 இலக்கம்தான். ஆதார் 0, 1-ல் தொடங்காது என்ற விதியையும் 9-ல் தொடங்குவதால் தாண்டிவிடும். ஆதாரின் கடைசி இலக்கம் வெர்ஹாஃப் முறையில் கணக்கிடும் சரிபார்ப்பு இலக்கம். தற்செயலான எண் அதில் தேறும் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். ஆகவே இலக்க எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் சொந்த விதியை நீங்கள் எழுதியிருந்தால் அதுதான் கோளாறு. நெடுவரிசைப் பெயரையும் நிபந்தனையாகச் சேருங்கள். பொருந்தும் மதிப்புகளின் குறைந்தபட்ச விகிதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே இறக்காதீர்கள். பான் இந்த அளவு தொல்லை தராது. ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து என்ற வடிவமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கே: கேட்டலாகில் 'ரகசியம்' என்று டேக் போட்டும் அனலிஸ்ட்கள் எல்லாவற்றையும் பார்க்கிறார்களே?

கேட்டலாக் பெயர்ப்பலகை மட்டும்தான். கதவைப் பூட்டுவது டேட்டாபேஸின் வேலை. டேக் அங்கே போய்ச் சேர்ந்து ஒரு பாலிசியோடு (யாருக்கு எதைக் காட்டலாம் என்ற விதியோடு) இணைந்தால்தான் மறைக்கும். பெருந்தரவுக்கான ஹடூப் உலகில், அட்லஸ் என்ற கேட்டலாகின் டேக்குகளை ரேஞ்சர் என்ற அனுமதிக் கருவி எடுத்துச் செயல்படுத்துவது இந்த முறைதான். ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் டேட்டாபேஸில் இதற்கு எண்டர்பிரைஸ் எடிஷன் வேண்டும். அங்கே ஒரு பொறியும் உண்டு: டேக்கோடு இணைத்த பாலிசி, நெடுவரிசையின் டேட்டா டைப்புக்குப் பொருந்த வேண்டும். எழுத்து வகைக்கு மட்டும் பாலிசி எழுதிவிட்டு, ஆதாரை எண் வகையாக வைத்திருந்தால் டேக் இருந்தும் எண் அப்படியே தெரியும்.

எல்லாம் சரியாக இருந்தும் டாஷ்போர்டில் தெரிகிறதா? பிஐ கருவி (டாஷ்போர்டு வரையும் மென்பொருள்) ஒரே சர்வீஸ் அக்கவுண்டில் (எல்லோருக்கும் பொதுவான கணக்கில்) இணைகிறதா என்று பாருங்கள். அப்படியானால் யார் பார்க்கிறார்கள் என்பதே டேட்டாபேஸுக்குத் தெரியாது.

கே: இலவசம் என்பதால் டேட்டாஹப் அல்லது ஓப்பன்மெட்டாடேட்டா என்ற ஓப்பன் சோர்ஸ் கேட்டலாக் போடலாமா?

போடலாம், பார்த்துக்கொள்ள ஓர் இன்ஜினியர் இருந்தால். லிங்க்ட்இன் 2020-ல் திறந்துவிட்ட டேட்டாஹப்புக்கு, செய்திகளைக் கடத்தும் காஃப்கா, தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச் அல்லது ஓப்பன்சர்ச், மைசீக்குவல் போன்ற ஒரு டேட்டாபேஸ் எல்லாம் வேண்டும். ஓப்பன்மெட்டாடேட்டாவுக்குக் காஃப்கா வேண்டாம். பராமரிக்கும் கை குறைவு என்றால் அதுவே நல்லது. இரண்டிலும் அப்கிரேடுக்குப் பின் வரும் பதற்றம் ஒன்றுதான்: தேடினால் டேபிள்களைக் காணவில்லை. அழிந்திருக்காது. மூலத் தகவல் டேட்டாபேஸில் இருக்கும். தேடல் இண்டெக்ஸை மறுபடி கட்டினால் வந்துவிடும். அப்கிரேடுக்கு முன் டேட்டாபேஸ் பேக்கப் எடுப்பதைத் தவறவிடாதீர்கள்.

கே: லீனியேஜ் படம் (தரவு எங்கிருந்து எங்கே போகிறது என்ற வரைபடம்) பாதியில் அறுந்து நிற்கிறது.

புரொசீஜருக்குள் எஸ்கியூஎல் வாக்கியத்தைச் சரமாக ஒட்டி ஓட்டியிருப்பார்கள். கோடைப் படித்து லீனியேஜ் வரையும் கருவிக்கு, ஓடும்போது எந்த டேபிள் பெயர் அங்கே வரும் என்று தெரியாது. ஸ்பார்க், ஏர்ஃப்ளோ போன்ற தரவுக் கருவிகளில் ஓடும் வேலைகளுக்கு ஓப்பன்லீனியேஜ் என்ற திறந்த தரநிலை வழியாக ஓடும் நேரத்திலேயே தகவல் எடுக்கலாம். பழைய புரொசீஜர்களில் முக்கியமானவற்றைக் கையால்தான் வரைய வேண்டும்.

கே: தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக இதை வாங்கியே ஆக வேண்டுமா?

2023 சட்டமும் 2025 நவம்பரில் வந்த விதிகளும் எந்த மென்பொருளையும் வாங்கச் சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். முக்கியக் கடமைகள் 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன. ஒருவர் தன் தரவை அழிக்கச் சொன்னால் அது எந்தெந்த டேபிளில் இருக்கிறது என்று சொல்ல முடிகிறதா என்பதைச் சோதனையின்போதே ஒரு வாடிக்கையாளர் பெயரை வைத்து ஓட்டிப் பாருங்கள்.

கே: ஒப்பந்தத்தில் எதைக் கவனிப்பது?

பார்ப்பவருக்கும் திருத்துபவருக்கும் தனித்தனி விலையா, ஒவ்வொரு கனெக்டருக்கும் (சோர்ஸோடு இணைக்கும் பகுதிக்கும்) தனிக் கட்டணமா என்று கேளுங்கள். விலகும்போது நீங்கள் எழுதிய வரையறைகள், பொறுப்பாளர் பட்டியல், டேக்குகள் எல்லாவற்றையும் ஏபிஐ (நிரல்கள் பேசிக்கொள்ளும் வாசல்) வழியாக மொத்தமாக எடுக்க முடிகிறதா என்பதைச் சோதனை வாரங்களிலேயே ஒருமுறை எடுத்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.