ஓய்வு பெற்ற ஆசிரியரை வகுப்புக்கு அழைக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். ஊரில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் இடைநிலை ஆசிரியை ஒருவரும் இருக்கிறார்கள். உதவிக்கு அழைக்கலாமா? யார் போய்க் கேட்பது?
– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: தாராளமாக அழைக்கலாம். ஆனால் முதலில் பேச வேண்டியது இப்போது பணியில் இருக்கும் இரண்டு ஆசிரியர்களிடம். அவர்களுக்குச் சொல்லாமல் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால், மேற்பார்வை பார்க்க ஆள் போட்டதாகத்தான் தோன்றும். முன்னாள் தலைமையாசிரியர் என்றால் கேட்கவே வேண்டாம்.

அவர்கள் சம்மதித்த பிறகு, மேலாண்மைக் குழுவின் மாதக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். எந்த வகுப்பு, எந்த நாட்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த மாதம் வரை என்று நான்கும் அதில் இருக்கட்டும். வகுப்பு நடக்கும் இடம் மற்றவர் கண்ணில் படும் வராந்தாவாகவோ கதவு திறந்த அறையாகவோ இருக்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். குழுத் தலைவரும் இப்போதைய தலைமையாசிரியரும் சேர்ந்து வீட்டுக்குப் போய்க் கேட்பதுதான் மரியாதை. “சும்மா வந்து பார்த்துக்குங்க சார்” என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படி வந்தவர், பயிற்சிக்குப் போன ஆசிரியரின் வகுப்பைக் கட்டி மேய்ப்பதிலேயே காலம் கழிப்பார்.

இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. உங்கள் பள்ளி 60-ஐத் தாண்டியிருந்தால், பெரியவர் வருகிறார் என்று மூன்றாவது பணியிடத்தைக் கேட்பதை விட்டுவிடாதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு போய்க்கொண்டே இருக்கட்டும்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் பள்ளிக்கு வரத் தயார். அவரிடம் எந்த வேலையைக் கொடுத்தால் உண்மையில் பலன் இருக்கும்?
– தலைமையாசிரியை, நீடாமங்கலம்

பதில்: வாசிக்கத் தடுமாறும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொடுங்கள். எட்டுப் பேர், மிஞ்சினால் பத்து. நாளுக்கு 45 நிமிடம், வாரத்தில் நான்கு நாள். ஒன்று முதல் மூன்று வரை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை வாரியாகப் பிரித்து நடத்துகிறீர்கள். அதில் இரண்டாவது கை புகுந்தால் பிள்ளைகள்தான் குழம்பும்.

முதல் வாரம் பாடமே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையாக அருகில் உட்கார வைத்து எழுத்து, சொல், வாக்கியம், பத்தி ஆகிய நான்கு படிகளில் எங்கே நிற்கிறது என்று நோட்டில் குறிக்கட்டும். இதற்குப் பாடப்புத்தகம் உதவாது. கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாடத்தைப் பிள்ளை விரல் வைத்து ‘வாசித்து’ விடும். பலகையைப் பார்த்து அழகாக எழுதும் பிள்ளையும் அப்படித்தான். கையெழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். புத்தகத்தில் இல்லாத சொற்களை அட்டையில் எழுதிக் காட்டினால் குட்டு உடைந்துவிடும்.

சிக்கும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். கு, சு, டு, து, மு என்று உகர வரிசையில் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் அங்கே நிற்கும். கொ, போ போன்றவற்றில் குறி இரண்டு பக்கமும் வருவதால், கொம்பை மட்டும் பார்த்துக் ‘கெ’ என்று படித்துவிட்டு, பின்னால் வரும் துணைக்காலை விட்டுவிடும். கெ–கொ, பே–போ என்று ஜோடியாக வைத்துப் பழக்க வேண்டும். மூன்றாவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. பிள்ளை வீட்டில் கேட்பது நாத்து, சேத்து, காத்து. எழுத்தில் இருப்பது நாற்று, சேற்று, காற்று. மடை, வரப்பு, தாளடி, குறுவை என்று அதற்குத் தெரிந்த சொற்களையே எடுத்து, முதலில் சொல்ல வைத்து, பிறகு எழுதிக் காட்டுங்கள். தினம் ஐந்து சொல் சொல்வதெழுதல் போதும்.

பழைய ஆசிரியர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்ல வைப்பது. எட்டுக் குரலில் வாசிக்கத் தெரியாத இரண்டு குரல் ஒளிந்துகொள்ளும். இதை மட்டும் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் அதே நான்கு படிகளில் மறுபடி பார்த்துக் குறித்தால், யார் நகர்ந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: ஜூனில் ஆர்வமாக வந்த கணக்கு சார், செப்டம்பரில் வருவதை நிறுத்திவிட்டார். மனஸ்தாபம் எதுவும் இல்லை. என்ன காரணமாக இருக்கும்?
– பெற்றோர், மன்னார்குடி

பதில்: அவருக்கு நிலம் இருக்கிறதா என்று பாருங்கள். டெல்டாவில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களில் நிறையப் பேர் விவசாயிகளும்கூட. குறுவை அறுவடையும் சம்பா நடவும் அந்த நேரத்தில்தான் நெருக்கியடிக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு மழைக்குப் பயந்து காவல் இருப்பவரை வகுப்புக்குக் கூப்பிட முடியுமா? ஆண்டு முழுவதும் கேட்காமல் ஜூலை–ஆகஸ்ட், பிறகு நவம்பர்–டிசம்பர் என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். நவம்பரில் மழை விடுமுறை வரும் என்பதால், ஒவ்வொரு வகுப்பும் அன்றன்றே முடிகிற மாதிரி இருக்கட்டும். ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடையும் பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வும் ஒன்றாக வந்து மோதும். அதற்கு வேறொருவரை இப்போதே பேசி வைப்பது நல்லது.

கேள்வி: 2016-ல் ஓய்வு பெற்றேன். பத்தாம் வகுப்புக் கணக்கு எடுக்க அழைக்கிறார்கள். எதைப் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: புத்தகம் 2019–20-ல் மாறிவிட்டது, முதலில் அதை வாங்கி எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். வினாத்தாளும் பழையது இல்லை. ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. உங்கள் காலத்தில் 10 மதிப்பெண்ணாக இருந்த வடிவியல் வரைதலும் வரைபடமும்தான் இப்போது எட்டு எட்டாக வருகின்றன. தேர்ச்சிக்கு 35 போதும் என்பதால், பின்தங்கிய பிள்ளைகளுக்கு இந்த 16-ஐ உறுதிப்படுத்திவிட்டு மற்றதற்குப் போகலாம். காம்பஸ் முனை ஆடினால் படம் கெடும், மதிப்பெண் போகும். கருவிப் பெட்டியைத் திறந்து பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: தனியார் பள்ளியில் சம்பளத்துக்குப் போனால் என் ஓய்வூதியம் குறையுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, பாபநாசம்

பதில்: குறையாது. ஆனால் இரண்டு வருமானத்தையும் சேர்த்துத்தான் வருமான வரிக் கணக்கு. கல்வியாண்டின் நடுவில் 60 முடிந்து, அரசுப் பள்ளியிலேயே ஆண்டு இறுதி வரை தொடரும் மறுநியமனம் வேறு விஷயம். அங்கே முழு ஊதியமும் முழு ஓய்வூதியமும் சேர்ந்து கிடைக்காது.