வெள்ளை கேக்கும் முட்டை நுரையும்: வாசகர் கேள்விகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் வரும் கடிதங்களில் பாதி வெள்ளை கேக்கைப் பற்றித்தான். மஞ்சள் கருவை விட்டு வெள்ளைக்கருவில் மட்டும் சுட்டு, மேலே வெள்ளைக்கரு நுரையை ஃப்ராஸ்டிங்காக, அதாவது பூச்சாக, பூசும் கேக் அது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருமுறை மட்டும் பதில் சொல்லியிருக்கிறேன்.

மஞ்சள் கரு சேர்க்காமலே செய்தேன். இருந்தும் கேக் வெளிர்மஞ்சளாக வருகிறதே? (திருப்பூர்)

வெண்ணெயைப் பாருங்கள். பசு வெண்ணெய் மஞ்சள். எருமை வெண்ணெய் வெள்ளை. ஊத்துக்குளியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இதைக் கேட்கிறீர்கள்! எருமை வெண்ணெயாகக் கேட்டு வாங்கி, மோர் வாடை போகும்வரை குளிர்ந்த நீரில் பிசைந்து கழுவுங்கள். என் அமுச்சி (அம்மாவின் அம்மா), கழுவிய நீர் தெளிந்து வரும்வரை விடமாட்டார். பிறகு உருண்டையைக் கைமாற்றிக் கைமாற்றித் தட்டி நீரை வெளியேற்றுவார். அந்தத் தட்டலை விட்டுவிடாதீர்கள். நீர் தங்கிய வெண்ணெய் மாவில் திரியும்.

வெள்ளைக்கருவை அரை மணி நேரம் அடித்தும் நுரை நிற்கவில்லை. முட்டை சரியில்லையோ? (நாமக்கல்)

நாமக்கல்லில் இருந்துகொண்டு முட்டையைக் குறை சொல்லாதீர்கள், அம்மணி. பழைய பிளாஸ்டிக் கிண்ணம் என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்; அதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பசை ஒளிந்திருக்கும், என்ன தேய்த்தாலும் போகாது. எவர்சில்வர் கிண்ணத்தை எலுமிச்சை மூடியால் தேய்த்துத் துடைத்துக் காயவைத்த பிறகு தொடங்குங்கள். ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் பிரித்த பின்பே மற்றவற்றோடு சேருங்கள். மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும் அதுவும் பசைதான்.

க்ரீம் ஆஃப் டார்டார் எங்கும் கிடைக்கவில்லை. (தாராபுரம்)

நுரை நிற்கச் சேர்க்கும் புளிப்புத் தூள்தானே அது? பதிலுக்கு, மூன்று வெள்ளைக்கருவுக்கு ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு.

கேக் நடுவில் கோபுரமாக எழும்பி வெடிக்கிறது. (கரூர்)

சூடு அதிகம். வீட்டு ஓவனின் திருகில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி 170 டிகிரியில் நிறுத்துங்கள். எழும்பிய பகுதியை ஆறிய பின் சீவி எடுத்து, காப்பியோடு சாப்பிட்டுவிடுங்கள்.

இனிப்பு வேண்டாமென்று சர்க்கரையைப் பாதியாக்கினேன். இரண்டு மணி நேரத்தில் ஃப்ராஸ்டிங் நீர்விட்டு வழிந்துவிட்டது. உங்கள் அளவு தவறா? (ஈரோடு)

அளவை மாற்றியவர் நீங்கள், தவறு என்னுடையதா? மாதத்துக்கு ஒருவராவது இப்படி எழுதுகிறார். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அடிக்க அடிக்க அதிலுள்ள புரதம் காற்றுக் குமிழிகளைச் சுற்றிப் படலம் கட்டுகிறது. சர்க்கரை அந்தத் தண்ணீரைப் பாகாக்கி, படலத்திலிருந்து வடியாமல் பிடித்துவைக்கிறது. பாதிச் சர்க்கரையை எடுத்துவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? உங்கள் தட்டுக்குத்தான்.

மூன்று வெள்ளைக்கரு சுமார் 100 கிராம். சர்க்கரை அதைப் போல் இரண்டு மடங்கு, 200 கிராம். தராசில் நிறுத்த 200 கிராம். உங்கள் வீட்டு டம்ளர் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டையும் கிண்ணத்தில் சேர்த்து, கொதிநீரின் ஆவி மேல் வைத்து, 70 டிகிரி தாண்டும்வரை கை ஓயாமல் கிளறுங்கள். ஒரு சொட்டை இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது. பிறகு இறக்கி, கிண்ணத்தின் அடி ஆறும்வரை பீட்டரால் அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் நுனி கிளிமூக்குப் போல வளைந்து நிற்க வேண்டும்.

இனிப்பு குறைய வேண்டுமானால் பூச்சை மெல்லியதாகப் பூசுங்கள். மிஞ்சிய மஞ்சள் கருவோடு எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, வெண்ணெய் சேர்த்துக் கிண்டி அடுக்குகளுக்கு இடையில் தடவுங்கள். அந்தப் புளிப்பு இனிப்பை அடக்கும். சர்க்கரையைத் தொடாதீர்கள்.

ஃப்ராஸ்டிங்கை நாட்டுச் சர்க்கரையில் செய்யலாமா? (கவுந்தப்பாடி)

ஊர்ப்பற்று புரிகிறது. செய்யலாம், பழுப்பாக வரும். வெள்ளை கேக் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

முந்தின நாளே பூசி ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? (பொள்ளாச்சி)

கூடாது. அடுக்குகளை முந்தின நாளே சுட்டுப் பொதிந்து வைக்கலாம், பூச்சு அன்றன்றைக்குத்தான். சர்க்கரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும் ஜூன், ஜூலையில் உங்கள் ஊரில் இந்தக் கேக்கை நானே செய்ய மாட்டேன்.

பூசிய கேக்கைக் கோபியிலிருந்து சத்தியமங்கலத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். வழி உண்டா?

அடுக்குகளை மட்டும் கொண்டுபோங்கள், நுரையை அங்கே அடித்துக்கொள்ளுங்கள். கிண்ணமும் உங்களுடையதாகவே இருக்கட்டும். அந்த வீட்டுக் கிண்ணத்தில் நேற்று என்ன எண்ணெய் இருந்ததோ.