மாம்பழ ஐஸ்கிரீமும் கடலை மிட்டாயும்: மும்பை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

செம்பூரிலிருந்து ஒரு வாசகி: ஹாபுஸ் (அல்போன்சா) மாம்பழத்தை அரைத்து, பாலும் சர்க்கரையும் கலந்து உறைய வைத்தேன். கரண்டி இறங்காத ஐஸ் கட்டியாகிவிட்டது. இயந்திரம் இல்லாமல் மிருதுவாக வராதா?

தாராளமாக வரும், அம்மா. பாலிலும் பழத்திலும் உள்ள தண்ணீர்தான் ஐஸ் கட்டியாக மாறுகிறது. இயந்திரம் கலவையை உறையும்போதே விடாமல் கடைந்து, படிகங்களைப் பெரிதாக விடாமல் தடுக்கிறது. அது இல்லாத வீட்டில் தண்ணீரைக் குறைப்பதும், கிரீமை அடித்துக் காற்றைச் சேர்ப்பதும்தான் வழி.

ஒன்றரைக் கோப்பை மாம்பழக் கூழை அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் கிளறி, ஒரு கோப்பையாகச் சுண்டவிட்டு, முற்றிலும் ஆறவையுங்கள். பாலுக்குப் பதிலாக 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க் சேருங்கள். அதில் தண்ணீர் குறைவு, சர்க்கரை அதிகம், அந்தச் சர்க்கரையே ஐஸ்கிரீமைக் கல்லாக இறுக விடாது. 400 மில்லி விப்பிங் கிரீமை, தூக்கினால் முனை நிற்கும் பதத்துக்கு அடித்து, ஆறிய கூழையும் கண்டென்ஸ்டு மில்க்கையும் ஒரு சிட்டிகை உப்பையும் சேர்த்து, கீழிருந்து மேலாக மெல்லப் புரட்டிக் கலக்குங்கள். மே மாதப் புழுக்கத்தில் கிரீம் எளிதில் இளகிவிடும் என்பதால், அடிக்கும் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர்த் தட்டின்மேல் வைத்துக்கொள்வது நல்லது. பதம் தாண்டி அடித்தால் வெண்ணெய் பிரிந்துவிடும்.

டோம்பிவிலியிலிருந்து: சாதாரண ஃப்ரெஷ் கிரீம் பாக்கெட் போதாதா?

போதாது. அதில் கொழுப்பு பெரும்பாலும் 25 சதவீத அளவே இருப்பதால் எவ்வளவு அடித்தாலும் முனை நிற்காது. 30 சதவீதத்துக்கு மேல் பால் கொழுப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தாவரக் கொழுப்பில் செய்த கிரீம் நன்றாகவே உப்பும். ஆனால் நாக்கில் எண்ணெய்ப் படலம் தங்குவது எனக்குப் பிடிப்பதில்லை.

மாதுங்காவிலிருந்து: லோனாவாலா சிக்கியை (அந்த ஊர்க் கடலை மிட்டாயை) உடைத்து ஐஸ்கிரீமில் கலந்தேன். மறுநாள் எல்லாம் நமுத்து, சில இடங்களில் பாகாகவே கசிந்திருந்தது. மொறுமொறுப்பு நிற்க என்ன செய்வது?

சர்க்கரைப் பாகும் வெல்லப் பாகும் ஈரத்தை இழுக்கும் குணமுடையவை. வெல்லம் இன்னும் வேகமாக இழுக்கும். எனவே உள்ளே கலக்கச் சர்க்கரையில் செய்த மிட்டாயும், மேலே தூவ வெல்லத்தில் செய்த கடலை மிட்டாயும் என்று பிரித்துக்கொள்வதே என் யோசனை. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயை ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்தால், அதைக் கலந்து வீணாக்காமல், பரிமாறும் நொடியில் நொறுக்கித் தூவுங்கள்.

உள்ளே கலப்பதை வீட்டிலேயே செய்யலாம். ஒரு கோப்பைச் சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் சிறு தீயில் உருக்கி, தேன் நிறம் வந்ததும் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பாருங்கள். அதை எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று ஒலிக்க வேண்டும், பல்லில் ஒட்டக்கூடாது. உடனே அடுப்பை அணைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் பாகு நுரைத்துப் பொங்கும். அந்தக் காற்றுக் குமிழ்கள்தாம் மிட்டாயைக் கல்லாக்காமல் பொரபொரப்பாக வைக்கின்றன. தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை ஒரு கோப்பை சேர்த்து, நெய் தடவிய தட்டில் கொட்டி, ஆறியபின் கடலைப்பருப்பு அளவில் உடையுங்கள். அதைவிடப் பொடியானால் கரைந்துவிடும். துண்டுகளை உருக்கிய சாக்லேட்டில் லேசாகப் புரட்டி உலரவிட்டால், கொழுப்புப் படலம் ஈரத்தைத் தடுக்கும்.

கலவை பாதி உறைந்து குழைவாக இருக்கும்போது, ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து, துண்டுகளைச் சேருங்கள். முதலிலேயே போட்டால் அடியில் தங்கிவிடும். மழைக்காலத்தில் மிட்டாயை நொறுக்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காவிட்டால் கலப்பதற்கு முன்பே பிசுபிசுத்துவிடும்.

முலுண்டிலிருந்து: சீதாப்பழத்திலும் கூழைச் சுண்டவைக்க வேண்டுமா?

கூடாது. சூடுபட்டால் சீதாப்பழம் கசக்கும். விதையோடு சதையை மிக்ஸியில் விட்டுவிட்டு ஓரிரு முறை மட்டும் சுற்றி, கண்ணறை பெரிய சல்லடையில் தேய்த்தெடுங்கள். விதை உடைபடக் கூடாது.

அந்தேரியிலிருந்து: அன்னாசி ஐஸ்கிரீம் கசந்துபோனது ஏன்?

சமைக்காத அன்னாசியில் உள்ள ப்ரோமலின் என்னும் நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பைக் கொடுக்கும். பழத்தைச் சர்க்கரையோடு நன்றாகக் கொதிக்கவிட்டால் அந்த நொதி செயலிழக்கும். பப்பாளிக்கும் கிவிக்கும் இதுவே பொருந்தும்.

தாராவியிலிருந்து: எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். எட்டு மணி நேரமாகியும் இறுகவில்லை.

ஐஸ்கிரீமுக்கு மைனஸ் 18 டிகிரி அளவு குளிர் வேண்டும். கதவைத் திறந்து மூடும் சிறிய ஃப்ரீசரில் அது நிலைப்பதில்லை. பாதி அளவு மட்டும் செய்து, உயரம் குறைந்த எவர்சில்வர் டப்பாவில் பரப்பி, குளிரைக் கூட்டி வைத்து, எல்லோரும் தூங்கப் போகும் நேரத்தில் உள்ளே வையுங்கள். கலவைமேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் பதித்துவிட்டால் மேற்பரப்பில் பனித்துகள் படியாது.