முன் சக்கர பிரேக் காலிப்பர் ஜாம் ஆகிறது. சீல் கிட் போட்டால் போதுமா, புது காலிப்பரே வாங்க வேண்டுமா?

காலிப்பர் என்பது பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற பாகம், அதற்குள் இருந்து பேடைத் தள்ளும் உருளைதான் பிஸ்டன். அந்தப் பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்க்கும்வரை கிட்டா (அதாவது ரப்பர் சீல்களை மட்டும் மாற்றுவதா) புதுசா என்று முடிவே செய்யாதீர்கள். 10 வருஷ வண்டி, பெடலை விட்ட பிறகும் இடது முன் சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே இருக்கிறது, கருகல் வாசனை வருகிறது, மெக்கானிக் ‘ரெண்டு பக்கமும் புதுசு போட்டுடலாம் சார்’ என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பிஸ்டன் எப்படி இருக்கிறது என்பது மட்டும் அதில் இல்லை. கோளாறு காலிப்பரில்தானா என்பதும் இன்னும் உறுதியாகவில்லை.

அதை முதலில் பாருங்கள், கால் மணி நேர வேலைதான். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு, உள்ளே ஒருவரை உட்கார வைத்து பெடலை இரண்டு மூன்று தடவை நன்றாக அழுத்தி விடச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாக உரசும் சத்தம் வந்தால் பரவாயில்லை, டிஸ்க் பிரேக்கில் அது சகஜம். சுற்றவே முடியாமல் இறுகியிருந்தால் காலிப்பருக்குப் பின்னால் இருக்கும் ஏர் நிப்பிளை, அதாவது காற்றை வெளியே எடுக்கும் திருகை, கொஞ்சம் தளர்த்துங்கள். பிரேக் ஆயில் பீச்சிக்கொண்டு வந்து சக்கரமும் விடுபட்டால் காலிப்பர் மேல் தப்பில்லை, அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் என்றால் அநேகமாக காலிப்பருக்கு ஆயில் கொண்டு வரும் ரப்பர் ஹோஸ், இரண்டு முன் சக்கரமும் என்றால் பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் தேட வேண்டும். நிப்பிளைத் திறந்தும் இறுக்கம் குறையவில்லை என்றால்தான் காலிப்பர்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், திருச்சியில் என் மச்சான் வண்டிக்கு இதே கோளாறு வந்து, ஒரு பட்டறையில் புது காலிப்பர் போட்டார்கள், ஒரே வாரத்தில் பழையபடி பிடித்துக்கொண்டது. கடைசியில் ஹோஸின் உள்சுவர் வீங்கிப் போயிருந்தது. காலால் மிதிக்கும்போது இருக்கிற அழுத்தம் பெரிது, அதனால் ஆயில் எப்படியோ புகுந்து போய்விடும். திரும்பி வருவதற்கு அந்த வேகம் கிடையாது, அங்கேயே நின்றுவிடும். வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகத்தான் தெரியும்.

சரி, காலிப்பர்தான் என்று ஆகிவிட்டது. அப்போதும் நேராக பிஸ்டனுக்குப் போகாதீர்கள், கைடு பின்களைப் பாருங்கள். நம் ஊரில் ஓடும் சாதாரண கார்களின் முன் காலிப்பர் இரண்டு பின்கள் மேல் முன்னும் பின்னும் நகர்கிற வகை. பின் துருப்பிடித்தோ கிரீஸ் காய்ந்தோ நகராமல் போனால் உள்பக்க பேடு தேய்ந்து கிடக்கும், வெளிப்பக்கது தடியாகவே இருக்கும். அதுதான் கோளாறு என்றால் பின்னைச் சுத்தம் செய்து, சிலிகான் கிரீஸ் தடவி, கிழிந்த ரப்பர் உறையை (பூட்) மாற்றினால் முடிந்தது. வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸை இங்கே தடவக்கூடாது, அதில் இருக்கிற எண்ணெய் ரப்பரை வீங்க வைத்துவிடும், மறுபடி பின் மாட்டிக்கொள்ளும்.

பின்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன, பிஸ்டன்தான் உள்ளே போக மறுக்கிறது என்றால் அதைக் கழற்றியே ஆக வேண்டும். இங்கே ஒரு விஷயம் புரிந்தால் முடிவு தானாகவே வந்துவிடும். டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. காலிப்பருக்குள் பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவரில் ஒரு காடி வெட்டி அதில் சதுர வெட்டுள்ள ரப்பர் சீல் ஒன்றை உட்கார வைத்திருப்பார்கள். பிரேக் பிடிக்கும்போது அது பிஸ்டனோடு சேர்ந்து லேசாக முறுக்கிக்கொள்ளும், காலை எடுத்ததும் தன் பழைய வடிவத்துக்கு வரும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்ளும், ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி அவ்வளவுதான். ஆக ரப்பர் கிழடாகி விறைத்துப் போயிருந்தால் கிட் போட்டாலே சரியாகிவிடும். சீல் உட்காருவது சிலிண்டரில், அது உரசுவது பிஸ்டன் மேல், அதனால் வழவழப்பாக இருக்க வேண்டியது பிஸ்டன்தான். சிலிண்டர் சுவரில் லேசான கறையோ துருவோ இருந்தால் துடைத்துவிட்டுப் போடலாம். பிஸ்டனின் முலாம் உரிந்து, நகத்தால் தடவினால் மாட்டுகிற அளவுக்குக் குழி விழுந்திருந்தால் புது சீல் போட்டும் பிரயோஜனம் இல்லை. சீல் உட்காரும் காடியே அரித்துப் போயிருந்தாலும் அப்படித்தான்.

என் வண்டி 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் சக்கரம் பாதி முங்கி இரண்டு நாள் நின்றது. நாலைந்து மாதம் கழித்து வலது முன் சக்கரம் பிடிக்க ஆரம்பித்தது. எனக்கும் ‘ரெண்டும் புதுசு’ என்றுதான் சொன்னார்கள். எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், ‘அவசரப்படாத தம்பி, தொறந்து பாப்போம்’ என்று இரண்டையும் கழற்றினார். வலதில் பூட் கிழிந்து தண்ணீர் உள்ளே போய், பிஸ்டனைச் சுற்றி வளையமாகத் துரு. இடதில் பூட் முழுசாக இருந்தது, பிஸ்டன் கண்ணாடி மாதிரி. வலதுக்குப் புதுசு வாங்கினோம், இடதுக்குக் கிட் மட்டும் போட்டோம். இன்றுவரை இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன. ஒரே வண்டியில், ஒரே தண்ணீரில் நின்ற இரண்டு காலிப்பருக்கே பதில் வேறு வேறாக இருந்தது!

கிட் போடுவது என்று முடிவானால், எப்படிப் போடுகிறார்கள் என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். பிஸ்டனை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள், அன்றைக்குப் பளபளப்பாக இருக்கும், முலாம் போன இடத்தில் மறுபடி துரு ஏறும். பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறப்போட்டுக் கழுவுவது நம் பட்டறைகளில் பழக்கம், பிரேக் ரப்பருக்கு அது விஷம். புது பிரேக் ஆயிலாலோ பிரேக் கிளீனராலோதான் கழுவ வேண்டும். காற்றழுத்தம் கொடுத்து பிஸ்டனை எடுத்தால் எதிரே மரக்கட்டை வைக்கச் சொல்லுங்கள், விரல் அந்தப் பக்கமே போகக்கூடாது, தோட்டா மாதிரி வரும்.

சில நிலைமைகளில் நானே கிட் வேண்டாம் என்பேன். ஏர் நிப்பிள் துருவில் முறிந்து உள்ளேயே தங்கிவிட்டால், தனி பிஸ்டன் கிடைக்காத மாடலில் பிஸ்டன் கெட்டிருந்தால், அப்புறம் ஹேண்ட்பிரேக் சேர்ந்திருக்கிற பின் காலிப்பர் என்றால். அந்தப் பின் காலிப்பருக்குள் திருகு, ஸ்பிரிங் இரண்டும் உண்டு, அவை போயிருந்தால் சீல் மாற்றி ஒன்றும் ஆகாது. கிட்டுக்குச் சில நூறு, காலிப்பருக்குச் சில ஆயிரம் என்பதால் கிட் பக்கம் மனசு சாய்வது இயல்புதான், ஆனால் பிஸ்டன் கெட்டிருந்தால் அந்தச் சில நூறும் வீண். சென்னையில் இருந்தால் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் விசாரித்துப் பாருங்கள், பில்லோடு ஒரிஜினல் வாங்குங்கள். பிரேக்குக்கு மட்டும் பழைய சாமான் கடையில் போய் நிற்காதீர்கள்.

எது போட்டாலும் பேடு இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஹோஸ் போல்ட்டுக்குச் செம்பு வாஷர் புதுசு, பிரேக் ஆயிலும் முழுக்கப் புதுசு. மாட்டிய பிறகு ஏர் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், கீழே இருந்தால் இடது வலது மாறிவிட்டது, எவ்வளவு நேரம் எடுத்தாலும் காற்று வெளியே வராது.

இந்த வேலை முடியும்வரை வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈரமேறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155தான். விடாமல் உரசும் பேடு அந்தச் சூட்டை எளிதாகக் கொடுத்துவிடும். ஆயில் கொதித்தால் பெடல் தரை வரை போகும், பிரேக் இருக்காது. வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிட்டு, ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டி வந்து, டிஸ்க்கைத் தொடாமல் இரண்டு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள், இரண்டிலும் சூடு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.