வாசகர் கேள்வி, ஓவியர் பதில்: குச்சியும் இனாமல் டப்பாவும்

கேள்வி: வணக்கம் சார். மகளோடு நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். ஜாக்சன் பொல்லாக்கின் ‘ஒன்: நம்பர் 31, 1950’ என்ற படத்தின் முன் ஒரு கூட்டமே மெய்ம்மறந்து நின்றது. எனக்கு பெயின்ட் கொட்டின தரை மாதிரிதான் தெரிந்தது. என் பேரனே இதைச் செய்வான். இதில் எதைத்தான் பார்க்க வேண்டும்?
(ஒரு வாசகி, தற்சமயம் நியூ ஜெர்சி)

பதில்: தரை என்று சொன்னீர்களே அம்மா, அது சரியான இடம். லாங் ஐலண்டில் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு பழைய மரக் கொட்டகைதான் பொல்லாக்கின் பட்டறை. அங்கே கான்வாஸைத் தரையில் விரித்துப் போட்டு, சுற்றிச் சுற்றி நடந்து, குச்சியாலும் காய்ந்து விறைத்த பிரஷ்ஷாலும் பெயின்ட்டை ஒழுகவிட்டார், வீசினார். அந்த பெயின்ட்டில் பெரும்பகுதி வீட்டுக்கு அடிக்கிற இனாமல். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்து, ஆண்டு விழாவுக்கெல்லாம் தட்டி எழுதியவன் நான். இந்த டப்பா சமாச்சாரம் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

‘என்ன அர்த்தம்’ என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். தலைப்பில் வெறும் எண் இருப்பதே, அதில் ஆறும் காடும் தேடாமல் பெயின்ட்டைப் பாருங்கள் என்பதற்குத்தான். கேட்க வேண்டியது வேறு: எது முதலில் விழுந்தது, எது அப்புறம்? 8 அடி 10 அங்குல உயரம், பதினேழரை அடி நீளமுள்ள படத்தை மொத்தமாகப் பார்த்தால் மலைப்புதான் மிஞ்சும். காவலர் அனுமதிக்கிற தூரம் வரை கிட்டே போய் ஒரு சாண் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கறுப்புக் கோடு வெள்ளைக்கு அடியில் நுழைந்து, கொஞ்சம் தள்ளி இன்னொரு வெள்ளைக்கு மேலே ஏறும். பிரைமர் அடிக்காத துணி என்பதால் தண்ணியான பெயின்ட் மை போல ஊறியிருக்கும். கெட்டியானது மேலேயே பளபளவென்று நிற்கும். தேங்கின இடத்தில் இனாமலின் மேல்தோல் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னல் கம்பிக்கு பெயின்ட் அடித்தவர்களுக்கு அந்தச் சுருக்கம் தெரியும். மெல்லிய கோடு என்றால் கை வேகமாகப் போயிருக்கிறது. தடித்துக் குண்டாக இருந்தால் அங்கே தயங்கியிருக்கிறது. இவ்வளவு பெயின்ட் விழுந்தும் கீழ்நோக்கி வழிந்த தாரைகள் அதிகம் இருக்காது. தரையில் கிடந்த துணியாயிற்றே.

பேரன் விஷயம். வீசுவது யாருக்கும் வரும். ஈரத்தின் மேல் ஈரம் போட்டால் கால் மணி நேரத்தில் எல்லாம் சேறாகிவிடும். குழந்தைகளின் பெயின்ட்டிங் கடைசியில் பழுப்பாக முடிவது அதனால்தான். பொல்லாக் போட்டதைக் காயவிட்டு, நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்து, பிறகுதான் மறுபடி கை வைப்பார். பதினேழரை அடியில் எங்கேயும் சேறாகாமல், எங்கேயும் காலியாகத் தோன்றாமல் கொண்டுபோவது சின்ன வேலை இல்லை. ஹான்ஸ் நமுத் என்பவர் பொல்லாக் வேலை செய்வதைச் சின்ன டாக்குமென்டரிப் படமாக எடுத்திருக்கிறார். பேரனோடு உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்த முறை போனால் அதே நியூயார்க்கில் இருக்கும் விட்னி அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். பொல்லாக்கின் மனைவி லீ கிராஸ்னர், கணவர் 1956-ல் கார் விபத்தில் இறந்த பிறகு அதே கொட்டகையில் வரைய ஆரம்பித்தார். 1957-ல் அவர் வரைந்த ‘தி சீசன்ஸ்’ அங்கே இருக்கிறது. அதுவும் பதினேழடிக்குக் குறையாது. ‘பொல்லாக்கின் மனைவி’ என்று அறிமுகம் செய்ய வேண்டியிருப்பதே அநியாயம்.

கேள்வி: மார்க் ராத்கோ படங்களைப் போனில் பார்த்தால் இரண்டு கலர் கட்டம், அவ்வளவுதான். இதன் முன் நின்று அழுகிறார்களாமே, நிஜமா?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நிஜம்தான். அழாவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் போனில் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். தண்ணி போலக் கரைத்த வண்ணத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சு போட்டவர் அவர். கட்டங்களின் ஓரம் புகை மாதிரி கலைந்திருக்கும். ஒன்றரை அடி தூரத்தில் நின்று பார்க்கச் சொன்னார். அப்படி நின்றால் படத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, வண்ணம் மட்டும்தான் இருக்கும். போனில் நடப்பது நேர் எதிர்.

அந்த வண்ணம் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு கதை. 1960களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டு அறை ஒன்றுக்காக ராத்கோ ஐந்து பெரிய படங்கள் கொடுத்தார். அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு வெயில் தாங்காத சாயம். அறையிலோ பெரிய பெரிய ஜன்னல். சில வருடங்களிலேயே கருஞ்சிவப்பு வெளுத்துப்போய், 1979-ல் படங்களைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். மேலே பெயின்ட் பூசித் திருத்தினால் அது ராத்கோவின் கை ஆகாது. அதனால் 2014-ல் ஒரு கண்காட்சி வைத்து, அதில் ஒரு வழி செய்தார்கள்: எந்த இடத்தில் எவ்வளவு நிறம் குறைந்திருக்கிறதோ அவ்வளவை மட்டும் புரொஜெக்டரால் ஒளியாகப் பாய்ச்சினார்கள். படங்கள் பழைய நிறத்துக்கு வந்தன. கண்காட்சி நடந்த நாட்களில் தினமும் மாலை 4 மணிக்கு அந்த ஒளியை நிறுத்தினார்கள். வெளுத்த படம் அப்படியே வெளியே வந்தது. அந்த நேரத்துக்கென்றே வந்து காத்திருந்தவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கண்காட்சியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

கேள்வி: பிரான்ஸ் கிளைன் வெள்ளையில் நாலு கறுப்பு இழுப்பு இழுத்திருக்கிறார். ஒரு நிமிட வேலைக்கு இவ்வளவு பேரும் புகழுமா?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: பார்க்கத்தான் ஒரு நிமிடம். டெலிபோன் டைரக்டரித் தாள்களில் சின்னதாக வரைந்து வரைந்து பார்த்து, தேறினதைத்தான் பெரிதாக்குவார். அந்த வெள்ளை, சும்மா விட்ட காலி இடமும் இல்லை. பல இடங்களில் கறுப்பின் மேலேயே வெள்ளையை இழுத்து, இழுப்பை வெட்டியிருப்பார். நியூயார்க்கில் உள்ள ‘சீஃப்’ என்ற 1950-ஆம் வருடப் படத்தில் ஓரங்களைக் கவனியுங்கள். தலைப்பு, சின்ன வயதில் அவர் பார்த்த ஒரு ரயில் என்ஜினின் பெயர். பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதியில் வளர்ந்தவர்.

கேள்வி: அமெரிக்கா போக வசதியில்லை. இங்கே?
(ஒரு மாணவி, திருச்சி)

பதில்: டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் நம் நாட்டு ஓவியர் வி.எஸ். காய்தொண்டேயின் படங்கள் இருக்கின்றன. 1964-ல் உதவித்தொகையில் நியூயார்க் போய்வந்தவர். பொல்லாக், ராத்கோ கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று சொல்ல மாட்டேன், அவர் வழி தனி. ரோலராலும் கத்தியாலும் பெயின்ட்டைப் பரப்பி, சுரண்டி எடுத்து வேலை செய்தார். எது முதலில், எது அப்புறம் என்ற கேள்வியை அவரிடம் கேட்டால் சீக்கிரம் பதில் கிடைக்காது. நல்ல பயிற்சி.

கேள்வி: பொறுமையாகப் பார்த்தும் பிடிக்கவில்லை என்றால்?
(ஒரு வாசகர், சென்னை)

பதில்: அடுத்த படத்துக்குப் போங்கள். வில்லெம் டி கூனிங் ‘வுமன் 1’ படத்தை 1950 தொடங்கி இரண்டு வருடம் போல வரைந்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். அந்த உழைப்பு எனக்குத் தெரிகிறது, படம் பிடிக்கவில்லை. சிகாகோவில் இருக்கும் அவருடைய ‘எக்ஸ்கவேஷன்’ மட்டும் என்றால் நாள் பூராவும் பார்ப்பேன். மேலே அந்த அம்மாவிடம் உருவம் தேடாதீர்கள் என்றேன். இந்தப் படத்தில் தாராளமாகத் தேடலாம். அழுக்கு மஞ்சள் பூச்சுக்குள் கண்ணும் பல்லும் வைத்திருக்கிறார் மனிதர்.